தேவதர்ஷினி தனியாகப் போன வகுப்பு

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேவதர்ஷினி எங்கேயும் தனியாகப் போனதில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சிக்கலே அதில்தான் இருந்தது. போகாதே என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், கோபித்துக்கொண்டு மண்ணச்சநல்லூரில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். அவள் கணவன் சரத்குமார் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. அவள் செருப்பில் காலை நுழைத்தால் போதும். "இரு, நானும் வரேன்" என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிடுவான்.

சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு அவன் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில், இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ஹாலில் அவன் மேஜை, மேஜைக்கு நேர் எதிரே வாசல் கதவு. காய்கறி வாங்க இருவரும் போவார்கள். பல் டாக்டரிடம் இருவரும் போவார்கள். ப்ளவுஸ் தைக்க அளவு கொடுக்கப் போனபோதுகூட, கடை வாசலில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் கொஞ்சம் தாமதித்தால் படியேறி வந்துவிடுவான்.

"இங்க என்ன பண்ற?"

"சும்மா நின்னேன்."

"சும்மான்னா?"

அதட்டிக் கேட்க மாட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, முகத்தைச் சற்றுச் சாய்த்துக் கேட்பான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

ஒருமுறை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அதையும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. கூடத்தில் சரத்குமார் அவள் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான்.

"குடிக்கிறாரா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"கை நீட்டுறாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னடி? ஒண்டியா விட மாட்டேங்கிறார்னு ஒரு குறையா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

ஊர் சிரிக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

கீழ்வீட்டில் லிசி என்று ஒருத்தி குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். டிசம்பர் பிறந்ததும் மேலப்புதூர் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் பெண்களுக்குச் சனிக்கிழமை தோறும் வகுப்பு எடுப்பாள். காகிதத்தில் ஸ்டார் செய்வது, தோரணம் வெட்டுவது, வாழ்த்து அட்டையில் அழகாகக் கையால் எழுதுவது. அந்த வருஷம் மாடிப்படியில் தேவதர்ஷினியைப் பார்த்ததும், "வரியா தர்ஷினி? உன் கோலத்தைப் பாத்திருக்கேன். உனக்கு நல்லா வரும்" என்று கேட்டாள்.

அவள் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து சரத்குமாரின் குரல் வந்தது. "நல்ல விஷயமா இருக்கே மேடம். நாங்களும் வரோம்."

"லேடீஸ் மட்டும்தான் சார்" என்றாள் லிசி, சிரித்துக்கொண்டே.

 அவனும் சிரித்தான். "அதுக்கென்ன, போயிட்டு வரட்டும்."

சனிக்கிழமை வந்தது. தேவதர்ஷினி லிசியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கிளம்புமுன் சரத்குமார் அவள் போனை வாங்கி, அவள் இருக்கும் இடம் தன் போனில் தெரிகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் லிசி சத்தமாக ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டே தேவதர்ஷினி ஆற்றைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், எதைப் பார்க்கிறாய் என்று கேட்க ஆளில்லை என்பது பாலம் முடியும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஹாலில் நீள மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பலவிதப் பெண்கள். காலேஜ் முடித்த பிள்ளைகள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள், ரிட்டயர் ஆன நர்ஸ் ரோசரி. ரோசரிதான் தேவதர்ஷினிக்குப் பக்கத்து நாற்காலி. வந்ததும் தன் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து, வேண்டுமா என்று கேட்காமலேயே அவள் முன்னால் வைத்தாள்.

முதலில் ஸ்டார். கெட்டிக் காகிதத்தை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்து, முனைகளை வெட்டி, உள்பக்கம் மெல்லிய சிவப்புத் தாளை ஒட்ட வேண்டும். தேவதர்ஷினியின் முதல் ஸ்டார் ஒரு பக்கம் சரிந்து, கால் உடைந்த நாற்காலி மாதிரி நின்றது. ரோசரியின் ஸ்டார் அதைவிட மோசம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சிரித்துவிட்டோமே என்று தேவதர்ஷினி பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அடுத்து எழுத்து. பிரஷ் மாதிரி முனை வளைகிற பேனாக்களை லிசி கொடுத்தாள். "கோடு கீழே இறங்கும்போது அழுத்துங்க. மேல ஏறும்போது லேசா விட்டுடுங்க. அவ்ளோதான் ரகசியம். அவசரப்பட்டா அசிங்கமா வரும்." மேஜை மேஜையாக நடந்து, கையைப் பிடித்துக் காட்டினாள். தாளில் வெறும் கோடுகளாகப் போட்டுப் பழகிய பிறகு ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள்.

"பண்டிகை வார்த்தைதான் எழுதணும்னு இல்ல. உங்களுக்குப் பிடிச்ச ஒரு வார்த்தை. எதுவா இருந்தாலும் சரி."

ரோசரி யோசிக்கவே இல்லை. "பிரியாணி" என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். எதிரே ஒரு பெண் தன் குழந்தையின் பெயரை எழுதினாள். தேவதர்ஷினிக்கு ஒன்றும் தோன்றவில்லை. புடவை நிறம், ஹோட்டலில் என்ன சாப்பிடுவது, டிவியில் எதைப் பார்ப்பது எல்லாவற்றிலும் அவன் ஒன்றைச் சொல்வான், இவள் சரி என்பாள். எனக்குப் பிடித்த வார்த்தை என்ன என்று வெள்ளை அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா முனை காயத் தொடங்கியது. கடைசியில், மொட்டை மாடியில் சொன்ன அந்த வார்த்தையை எழுதினாள். சும்மா.

நன்றாக வந்தது. 'சு' அடியில் சுழித்துக்கொண்டு போய், இரண்டு மகரங்களும் தோளோடு தோள் சேர்ந்து நிற்க, கடைசிக் கால் நிதானமாக இறங்கியது. லிசி குனிந்து பார்த்தாள். "அடடா! இங்க பாருங்க எல்லாரும்" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "வார்த்தையும் அழகு, எழுத்தும் அழகு."

தேவதர்ஷினிக்குக் காது சூடாகிவிட்டது. யாரும் "சும்மான்னா?" என்று கேட்கவில்லை. சும்மா என்றால் சும்மா என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது போன் அடித்தது. வீடியோ கால். அடுத்த ஸ்டாருக்குப் பசை தடவத் தொடங்கியிருந்ததால் இரண்டு கைகளிலும் பசை. முழங்கையால் தள்ளிப் பார்த்தாள், போன் மேஜையில் நகர்ந்ததே ஒழிய அழைப்பை எடுக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. "இரும்மா, நிதானமா கூப்பிட்டுக்கலாம். ஆம்பளைங்களுக்கு ரசப்பொடி எங்க இருக்குன்னு தெரியாம இருக்கும்" என்று ரோசரி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கை கழுவிவிட்டுக் கூப்பிடலாம் என்று தேவதர்ஷினி நினைத்தாள். சிவப்புத் தாள் சுருங்காமல் ஒட்டுவதில் மறந்தே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஹால் வாசலில் ஹெல்மெட்டோடு சரத்குமார் நின்றான். மூச்சு வாங்கியது. கையில் பேக்கரிப் பெட்டி.

"சாரி மேடம்" என்றான் லிசியிடம். "போன் எடுக்கலன்னதும் பயந்துட்டேன். ஸ்கூட்டர்ல போனீங்களா, பாலத்துல ஏதாவது ஆயிடுச்சோன்னு... வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு பஃப்ஸ் வாங்கிட்டு வந்தேன். எல்லாருக்கும் இருக்கு."

பெண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு ஓடியது. "பாருங்களேன்!" "எங்க வீட்டுல நான் ரெண்டு நாள் காணாமப் போனாத்தான் தேடுவாங்க." "உள்ள வாங்க தம்பி, ஏன் வாசல்ல நிக்கிறீங்க?"

லேடீஸ் மட்டும் என்ற பேச்சு அந்த இடத்தில் செல்லாமல் போனது. அவன் பஃப்ஸை ஒவ்வொருவருக்கும் பேப்பர் தட்டில் வைத்துக் கொடுத்தான். ரோசரி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். தேவதர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, எதிரில் இருந்தவள் செய்வதைப் பார்த்தபடியே மடித்தான். அவன் ஸ்டார் முதல் தடவையிலேயே நேராக வந்தது. கைதட்டினார்கள். தேவதர்ஷினியும் தட்டினாள். பசை காய்ந்த உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன.

"இது நீ எழுதினதா?" என்று அட்டையை எடுத்தான். "சும்மா? இது என்ன வார்த்தை, முடியாம நிக்குது?" சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி பேனாவை எடுத்தான். அவன் கையெழுத்து எப்போதும் அழகு. அவள் எழுத்துக்குப் பக்கத்தில், அதே சாய்வில், அதே தடிமனில் எழுதினான். இரு.

"சும்மா இரு!" என்று எதிரில் இருந்தவள் வாய்விட்டுப் படித்தாள். மேஜையே சிரித்தது. "சாருக்கு நல்ல தமாஷ்!"

தேவதர்ஷினி அட்டையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே கை எழுதியது போல இருந்தது. அவளுடைய வார்த்தை எது, அவனுடையது எது என்று புதிதாகப் பார்க்கிற யாராலும் சொல்ல முடியாது. 

"அது என் அட்டை" என்றாள்.

"என்ன?"

"அது என் அட்டைங்க. அதுல ஏன் எழுதினீங்க?"

சிரிப்பு நின்றது. அவன் முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது. "ஐயோ, விளையாட்டுக்குத்தான் தர்ஷினி. சாரி. சாரிம்மா. வேற அட்டை தரச் சொல்றேன்." எல்லார் முன்னாலும், தாழ்ந்த குரலில், இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான்.

"விடும்மா, ஆசையா வந்திருக்கார்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி உச்சுக்கொட்டினாள். அது யாருக்காக என்பது தேவதர்ஷினிக்குப் புரிந்தது. ஒரே நிமிஷத்தில் அந்த ஹாலில் பொல்லாதவள் அவள் ஆகிவிட்டாள். லிசி மட்டும் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாக்களைச் சேகரிக்கத் தொடங்கினாள்.

கிளம்பும்போது அவன் கேட்டான். "அடுத்த வாரம் நானும் வரலாமா மேடம்?"

லிசி தயங்கினாள். மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். "தாராளமா வாங்க! கிறிஸ்மஸுக்கு நூறு அட்டை எழுதணும், ஆள் பத்தல."

"நீங்க வந்தா நான் வரல" என்றாள் தேவதர்ஷினி.   அவன் ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

 வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்ததும் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லு. அத்தனை பேர் முன்னால அப்படிச் சொல்ற அளவுக்கு நான் என்ன பண்ணேன்?" அவளால் விளக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லப் பார்த்தால் ஒவ்வொன்றும் அன்பாகத்தான் இருந்தது. பஃப்ஸ் வாங்கி வந்தது தப்பா? பயந்தது தப்பா? காபி போட்டுக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. மறுபடி மறுபடி அதையே கேட்டான். கடைசியில் "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று அவளே சொல்ல வேண்டியதாயிற்று. அவன் உடனே காபியை எடுத்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அவளோடு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடவும் வந்தான். கிளிப் எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு முன்னால் அவன் தயாராகிவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் அவனே கடையில் பார்த்து வாங்கிய பிரஷ் பேனா. அதைப் பார்த்ததும் தேவதர்ஷினிக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தோன்றவில்லை. லிசி வந்து மணியடித்தாள்.

"கிளம்பலையா தர்ஷினி?"

"எனக்குத் தலைவலிக்கா. நான் வரல."

"அப்ப நானும் போகல" என்றான் சரத்குமார் உடனே. பேனாவைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். அது வைக்கப்பட்ட விதத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. தேவதர்ஷினி அதைக் கவனித்தாள். போன வாரம் கைதட்டியபோது அவன் முகம் எப்படி மலர்ந்தது என்பதும் ஞாபகம் வந்தது. வீட்டுக்குள்ளேயே கிடக்கிற மனிதன். அவனை யாரும் கைதட்டிப் பாராட்டி எத்தனை காலம் ஆயிற்றோ.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "உங்க எழுத்துதான் நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நூறு அட்டை எழுதணுமாம்."

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"தலைவலிதானே? படுத்திருப்பேன்."

லிசி வாசலில் நின்றபடி ஒருமுறை அவள் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "வாங்க சார். போன வாரத்துலருந்தே உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க வரலன்னா எனக்குத்தான் திட்டு விழும். லேட்டாகுது, வாங்க."

அவன் இரண்டு தடவை படிவரை போய்த் திரும்பினான். மாத்திரை எடுத்து வைத்தான், தண்ணீர் வைத்தான், போனை அவள் தலைமாட்டில் வைத்தான். பிறகு பைக் சத்தம் சந்தைத் தாண்டிப் போய் அடங்கியது.

கல்யாணமான பிறகு முதல்முறையாக வீடு அமைதியாக இருந்தது. தேவதர்ஷினி ஹாலில் தரையில் படுத்துப் பார்த்தாள். எழுந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்து வாசல் கதவைப் பார்த்தாள். அங்கிருந்து கதவு ரொம்பக் கிட்டத்தில் தெரிந்தது. போனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டம் இருந்தது. திதி கொடுக்க வந்தவர்கள், குளிக்க வந்தவர்கள், வாழைப்பழத்தோலுக்காகக் காத்து நிற்கும் மாடுகள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கீழ்ப்படியில் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து வந்தாள். சந்தோஷமாக இல்லை, படபடப்பாக இருந்தது. இந்நேரம் கூப்பிட்டிருப்பான், இந்நேரம் கிளம்பியிருப்பான், இந்நேரம் பாலத்தில் வந்துகொண்டிருப்பான் என்று மனசு அவன் கூடவே வண்டியில் வந்துகொண்டிருந்தது. கால் தண்ணீரில் இருந்ததே தவிர அவள் அங்கே இல்லை. அது தெரிந்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவன் வராத இடத்துக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவளேதான். கோபம் வந்ததும், பிடிவாதமாக இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தான். எப்போதும் சேர்ந்தே போய் வருவதால் அவனிடம் தனிச் சாவி என்று ஒன்று இருந்ததில்லை. காதில் போன். பூட்டிய கதவுக்குள்ளே அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க போன?" முகம் வெளுத்திருந்தது.

"ஆத்துக்கு."

"எதுக்கு? தலைவலின்னியே! போன் உள்ள அடிக்குது, நீ கதவைத் திறக்கல, நான் என்னென்னவோ நெனச்சுட்டேன். பக்கத்து வீட்டுல சொல்லிக் கதவை உடைக்கலாமான்னு பாத்தேன். ஒரு மனுஷனை இப்படி வெளிய உக்கார வைப்பியா?"

அவன் உண்மையிலேயே பயந்திருந்தான். அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. போன வாரமாக இருந்தால் அந்தப் பாவத்திலேயே பாதி வார்த்தையை விழுங்கியிருப்பாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்காமல், இரண்டு படி கீழேயே நின்றாள்.

"தலைவலி இல்லங்க. பொய் சொன்னேன். தனியா இருக்கணும்னு தோணிச்சு."

"என்னை விட்டுட்டா?"

"ஆமா. கொஞ்ச நேரம். உங்க மேல கோபம் இல்ல, வேற யாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே வாரத்துல ஒரு நாள் நான் தனியா வெளிய போவேன். நீங்க கூட வராதீங்க. போன் பண்ணாதீங்க. நான் திரும்பி வந்துடுவேன்."

அவன் வாயைத் திறந்தான். "நானும் வரேன்" என்றுதான் சொல்ல வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், பாதியில் மூடிக்கொண்டான். கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. லிசி வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"எப்ப திரும்பி வருவ?" என்றான் கடைசியில்.

"முடிஞ்சதும் வருவேன்."

"என்ன முடிஞ்சதும்?"

அவள் படியேறிக் கதவைத் திறந்தாள்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவள் போனாள். லிசியின் வகுப்புக்குச் சில வாரம், பண்டிகை முடிந்த பிறகு வேறு எங்காவது. தெப்பக்குளம் பக்கம் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு வருவாள். அவன் கூட வரவில்லை. சொன்னபடி கேட்டுக்கொண்டான். சாயங்காலம் அவள் திரும்பியதும் எங்கே, என்ன என்று கேட்காமல் இருப்பதற்கு அவன் படும் பாட்டைப் பார்த்தால் உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பது போல இருக்கும். கிளம்பும்போது மட்டும் பால்கனியில் வந்து நிற்பான். அவள் சந்து முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பான். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கையசைப்பதில்லை. ஆனாலும் அங்கே நிற்கிறான் என்று முதுகுக்குத் தெரியும். முனை திரும்பிய பிறகும், டவுன் பஸ் வந்து ஏறி, டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் இடம் கிடைத்து, பாலம் பாதி கடக்கும்வரை முதுகு அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டுதான் வரும். சில வாரங்களில் பாதிப் பாலத்தில் இறங்கிவிடும். சில வாரங்களில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வரும்.